இரண்டு தோளிலும் எரிகிறது

பாலைவனம் வந்து கடலில் முடிகிற அந்தத் துறைமுக ஊரில் யாரும் வண்டிக்கு இன்டிகேட்டர் போடுவதில்லை. நான் எந்தப் பக்கம் போனால் உனக்கென்ன என்பது அந்த ஊர்க்காரர்களின் எண்ணம், அதில் நியாயம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் எந்தப் பக்கம் போகிறோம் என்பது பெரும்பாலும் அவர்களுக்கே திருப்பம் வந்த பிறகுதான் தெரியும். மூன்று தடத்தையும் ஒரே இழுப்பில் குறுக்கே வெட்டுவார்கள், இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டால் ஹைவேயிலேயே ரிவர்ஸில் வருவார்கள், எதிரே தெரிந்தவர் வண்டி வந்தால் இரண்டு பேரும் நடுரோட்டில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கிக் கைகொடுத்து, தகப்பனார் தொடங்கி ஒட்டகம் வரைக்கும் நலம் விசாரித்து முடித்த பிறகே நகர்வார்கள். சீட் பெல்ட் போடாவிட்டால் கத்துகிற மணியின் வாயை அடைப்பதற்கென்றே பெல்ட்டின் நாக்கை மட்டும் தனியாக வெட்டிக் கடையில் விற்றார்கள். கேமரா கம்பத்துக்கு ஐம்பதடி முன்னால் மட்டும் மொத்த ஊரும் பரம சாதுவாகிவிடும், கம்பம் தாண்டியதும் பழைய குணம் வந்துவிடும்.

கமுதிப் பக்கத்திலிருந்து போன தவசிலிங்கம் அந்த ஊரில் பதினான்கு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். நம்மூர் ரோடு ஒன்றும் சொர்க்கம் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் நம்மூரில் மோத வருகிறவன் ஹாரன் அடித்து, கையை நீட்டி, தலையை வெளியே விட்டு, வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று விசாரித்துவிட்டுத்தான் மோதுவான், இங்கே ஒரு வார்த்தை கிடையாது என்பது அவனுடைய தீராத ஆவலாதி. பஸ்ஸில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். அதனால் அவன் ஒவ்வொரு திருப்பத்துக்கும் நூறு மீட்டர் முன்னாலேயே இன்டிகேட்டரைப் போட்டு, கண்ணாடி பார்த்து, வேகத்தைக் குறைத்து, புத்தகத்தில் உள்ளபடி திரும்பினான், பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்து பஸ்ஸில் ஏதோ வயர் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்படிப் பின்னால் வருகிறவர்களில் ஒருவர் தினமும் வந்தார். வெள்ளை பிக்கப், அதற்குள் வெள்ளைத் தாடி, காலை ஆறே முக்காலுக்கு மீன் மார்க்கெட் ரவுண்டானாவில் வந்து ஒட்டிக்கொண்டால் பள்ளிக்கூட வாசல்வரை பஸ்ஸின் பம்பருக்கு ஒரு சாண் இடைவெளியில், முன் விளக்கை அடித்து அடித்து அணைத்துக்கொண்டே வருவார். ஓரம் கட்டி வழிவிட்டாலும் முந்த மாட்டார், வேகம் எடுத்தாலும் விட மாட்டார். தவசி அவருக்குப் பின்னாடிக்காரர் என்று பெயர் வைத்து, பதினோரு வருஷமாகக் கண்ணாடியைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தான். யோசித்துப் பார்த்தால் அந்த ஊரில் அவனுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்த மனிதர் வேறு யாரும் இல்லை.

பிள்ளைகளை இறக்கிவிட்டு பஸ்ஸை நிழலில் நிறுத்தியதும் எட்டரை மணிக்கு ஊருக்குப் போன் போடுவான், அங்கே அப்போது பத்து மணி. மனைவி முத்துராக்கு என்ன பேசினாலும் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்து நிற்பாள்.

"ஏங்க, எப்பங்க வாரீக?"

"அடுத்த ஆடிக்குள்ள வந்துருவேன்."

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவில் போய்வருவதை அவள் வரவில் சேர்ப்பதில்லை. அவள் கேட்பது மூட்டை முடிச்சோடு ஒரேயடியாக வந்துவிடுவதை. மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று, வீட்டுக்கு மாடி எடுத்தாயிற்று, இரண்டும் முடிந்து நாலு வருஷம் ஆகிறது, அதற்குமேல் அங்கே இருக்க அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் போன லீவில் சொந்த வீட்டு அடுப்படியில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல் நின்றதும், வளர்த்த நாய் அவனைப் பார்த்துக் குரைத்ததும், "என்ன விருந்தாளி மாதிரி ஓரத்துல உக்காந்துருக்கீக" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னதும் அவன் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டன. இங்கே அவனை யாருக்கும் தெரியாது, அது பழகிவிட்டது. அங்கேயும் அப்படி ஆகிவிட்டால் போவதற்கு மூன்றாவது ஊர் கிடையாது என்று பயந்தான், அந்தப் பயத்தை வருஷா வருஷம் ஆடிக்கு ஆடி தள்ளிவைத்துக்கொண்டே வந்தான்.

அப்படி இருக்கையில், பேரீச்சை பழுக்கிற மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மீன் மார்க்கெட் ரவுண்டானாவில், இடது பக்கத்திலிருந்து சீறிக்கொண்டு வந்த ஒரு கறுப்புக் கார் தனக்குக் குறுக்கே வலது பக்கம் வெட்டப்போகிறது என்பது தவசிக்கு முன்கூட்டியே தெரிந்தது, அவனும் பிரேக்கை மிதித்து வழிவிட்டான். பதினான்கு வருஷத்தில் இந்த ஊரில் இன்றைக்குத்தான் ஒருவன் இன்டிகேட்டர் போட்டிருக்கிறான் என்று மனசாரச் சந்தோஷப்பட்டு, பாதி சுற்று சுற்றிய பிறகுதான் எரிந்தது காரில் இல்லை, ஓட்டியவரின் வலது தோளில், வெள்ளை அங்கிக்கு உள்ளேயிருந்து மஞ்சளாக விட்டு விட்டு எரிந்தது என்பது அவனுக்கு உறைத்தது. எங்கே எரிந்தால் என்ன, எரிந்ததே பெரிது என்று பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனான்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தோள்கள் எரிய ஆரம்பித்துவிட்டன. யார் எந்தப் பக்கம் போக நினைத்தாலும் நினைத்த மாத்திரத்தில் அந்தப் பக்கத்துத் தோள் மஞ்சளாக மினுக்கியது, கூடவே நாக்கைத் தட்டுவது மாதிரி டிக் டிக் என்று ஒரு மெல்லிய சத்தமும் வந்தது. சுடவில்லை, வலிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு களிம்பைத் தடவி, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பிவைத்தார்கள், எழுதிக்கொடுத்த டாக்டரின் இடது தோள் கேண்டீன் இருந்த பக்கமாக எரிந்துகொண்டிருந்தது. தையல்காரர்கள் தோள்பட்டையில் இரட்டை வெல்வெட் வைத்துத் தைத்துப் பார்த்தார்கள், வெளிச்சம் உள்ளங்கைக்குள் டார்ச் அடித்தது போல அதையும் தாண்டி வந்தது.

எதற்குத்தான் மனிதன் பழகமாட்டான், ஒரே வாரத்தில் ஊர் அதற்கும் பழகிவிட்டது. மீன் மார்க்கெட்டில் வாங்க வந்தவரின் தோள் அடுத்த கடைப் பக்கம் எரியத் தொடங்கியதுமே வியாபாரி விலையைக் குறைத்தார், அதைத் தெரிந்துகொண்ட பெண்கள் கடை முன்னால் நின்று வேண்டுமென்றே அடுத்த கடையை நினைத்தார்கள். பரீட்சை அறையில் வாத்தியார்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே எவன் எந்தப் பக்கத்துப் பேப்பரைப் பார்க்கப்போகிறான் என்று சொன்னார்கள், கால்பந்து மைதானத்தில் ஒரு கோல்கூட விழாமல் ஆறு ஆட்டம் முடிந்து ஏழாவது ஆட்டத்துக்கு ஆளே வரவில்லை. கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறேன் என்று வாசலில் செருப்பு மாட்டிய ஒருவருடைய தோள், கடல் இல்லாத பக்கமாக எரிந்ததைப் பார்த்த அவர் மனைவி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரும்படி அமைதியாகச் சொன்னாள். கைக்குழந்தைகள் குப்புற விழுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்துத் தோளைக் காட்டிவிட்டு விழுந்தன.

ரோட்டில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. தோள் விளக்கு வண்டி விளக்கு ஆகாது, வண்டியில் உள்ளதையும் போட வேண்டும் என்று போக்குவரத்துக்காரர்கள் கட்டளை போட்டார்கள். உடம்பே போடுகிறபோது கையை வேறு எதற்கு அசைப்பது என்று ஊர் கேட்டது. போதாததற்கு ஓட்டுகிற ஒவ்வொருவரும் தன் தோள் எரிகிறதா என்று தன் தோளையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்கள், அதனால் இடிபடுவது முன்னைவிடக் கொஞ்சம் கூடத்தான் செய்தது. தவசி தலையில் அடித்துக்கொண்டான்.

வெளியூர்க்காரர்கள் தங்கியிருந்த கேம்ப்பில் அந்த விளக்குக்கு வேறு ஒரு வேலை வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆட்கள் இரண்டடுக்குக் கட்டில்களில் கண்ணயர்ந்து கிடக்கும்போது, மல்லாந்து படுத்தவனுக்கு ஒரு தோள், குப்புறப் படுத்தவனுக்கு மறு தோள், எப்படிப் புரண்டாலும் அவனவன் ஊர் இருக்கிற திசைக்குப் பக்கமான தோள் எரிந்தது. நேபாளத்துக்காரனும் வங்காளத்துக்காரனும் சிவகங்கைக்காரனும் பக்கத்துப் பக்கத்தில் படுத்துக் கிழக்கே பார்த்து மினுக்கிக்கொண்டிருந்தார்கள்.

தவசிக்கு எரியவே இல்லை. கேம்ப்பிலிருந்து வந்தால் ரவுண்டானாவில் வலது பக்கம் பள்ளிக்கூடம், இடது பக்கம் பிள்ளைகளின் வீடுகள், நேரே போனால் ஏர்போர்ட். பதினான்கு வருஷமாக வலதும் இடதுமாகவே திரும்பிய உடம்பு, அதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ. வெள்ளிக்கிழமை படுக்கையிலும் எரியவில்லை என்பதுதான் அவனுக்கு உள்ளூர உறுத்தியது.

கேம்ப் வாசலில் டீக்கடை போட்டிருந்த கீழக்கரை சேக்தாவூது அவன் தோளைத் தட்டிப் பார்த்தான். "ஒனக்கு பல்பு பீஸ் போயிருக்கும் மாப்ள. உள்ளுக்க வயரு இருக்கோ இல்லையோ."

"ஒனக்கு?"

"எனக்கு எந்நேரமும் கீழக்கரைப் பக்கந்தான். டீ ஆத்தும்போது கண்ணு கூசுது, அம்புட்டுத்தான்."

அந்தச் சேக்தாவூதின் கடைமுன்னால்தான் அந்த ஊரின் இன்னொரு வழக்கம் தினமும் நடந்தது. டீ வேண்டுமென்றால் யாரும் வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள். போகிற ரோட்டிலேயே நிறுத்தி, இரண்டு பக்க இன்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டுவிட்டு ஹாரனை அழுத்துவார்கள், டீ ஜன்னலுக்கு வரும், பின்னால் நிற்கிற வண்டிகள் சுற்றிக்கொண்டு போகும். வண்டி பழுதாகி நடுவழியில் நின்றால், ஆபத்து, உதவி வேண்டும் என்று சொல்லுவதற்காகச் செய்துவைத்த விளக்கு அது. அந்த ஊரில் அதற்கு டீ என்று அர்த்தம். நம்மூரிலும் அதற்குச் சொந்தமாக ஒரு அர்த்தம் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம் என்பதைத் தவசி அப்போது மறந்திருந்தான்.

மாசம் ஒன்று போனதும் சிலபேருக்கு இரண்டு தோளும் சேர்ந்து எரிய ஆரம்பித்தன. ஊர் சிரித்தது. ஆள் டீக்கு நிற்கிறான் என்று சுற்றிக்கொண்டு போனது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு கிடங்கின் கேட்டில், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு வாட்ச்மேனுக்கு மூன்று நாள் இரண்டு தோளும் எரிந்துகொண்டிருந்ததைத் தவசி பஸ்ஸிலிருந்து பார்த்தான், டீக்குக் காத்திருக்கிறான் போல என்று ஊரைப் போலவே நினைத்துக்கொண்டு தாண்டினான். நாலாம் நாள் அந்த ஸ்டூலில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். பழைய ஆள் எங்கே என்று ஜன்னல் வழியாகக் கேட்டதற்கு, எந்தப் பழைய ஆள் என்று அவன் திருப்பிக் கேட்டான். அதற்குப் பிறகு அந்தக் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் தவசி வேகத்தைக் குறைத்து அந்த ஸ்டூலைப் பார்த்துவிட்டுப் போனான்.

இதற்குள் செய்தி படத்தோடு கமுதிக்குப் போய்விட்டது. புருஷனை அந்தத் துறைமுக ஊருக்கு அனுப்பியிருந்த பெண்கள் அத்தனை பேரும் வீடியோ காலில் தோளைக் காட்டச் சொல்லிப் பார்த்தார்கள், எரிவதைப் பார்த்தவர்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொன்னார்கள். முத்துராக்கு கேட்டாள்.

"ஏங்க, போனைக் கொஞ்சம் தள்ளி வச்சு ஒங்க தோளைக் காட்டுங்க. எப்ப வாரீகன்னு நான் கேக்குறேன். நீங்க பதில் சொல்ல வேணாம்."

"நெட்டு சரியில்ல."

"நேத்தும் நெட்டு சரியில்லன்னீக. முந்தாநாளு தோள்ல துண்டைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தீக. அங்க என்ன பனியா பெய்யுது?"

பதினேழு நாள் அவன் வெறும் குரலிலேயே பேசினான். பதினெட்டாம் நாள் அவள் வெங்காய விலை சொன்னாள், மகளுக்கு ஆறாம் மாசம் என்று சொன்னாள், நாய் செத்துப்போனதைச் சொன்னாள், எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"எரியலேல்ல?"

அவன் போனை அடுத்த காதுக்கு மாற்றினான்.

"சரி விடுங்க. இனிமே நான் கேக்க மாட்டேன். ஒடம்பைப் பாத்துக்கங்க."

பதினான்கு வருஷமாகக் காதைக் குடைந்த கேள்வி அது. எடுத்ததும் எரிச்சல் வருகிற கேள்வி. அது இனிமேல் வராது என்றதும் அவனுக்குக் காதே அடைத்துக்கொண்டது மாதிரி இருந்தது. தன்னை வா என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு குரல் இருந்தது, அதையும் நெட்டு சரியில்லை என்று சொல்லிச் சொல்லி வாயடைத்துவிட்டோம் என்று அன்றைக்கு முழுக்க அவன் பச்சைத்தண்ணி பல்லில் படாமல் கிடந்தான்.

மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பத்திரமாக இறக்கிவிட்டு, டீசல் போடுவதற்காகக் காலி பஸ்ஸை ஹைவேயில் கொண்டுபோகும்போது, டிக் டிக் என்று சத்தம் கேட்டது. கையை அனிச்சையாக இன்டிகேட்டர் குச்சிக்குக் கொண்டுபோனான், அது நடுவில்தான் இருந்தது. அவனுடைய இரண்டு தோளும் எரிந்துகொண்டிருந்தன.

பஸ்ஸை ஒழுங்காக ஓரம் கட்டினான். பஸ்ஸின் இரண்டு பக்க இன்டிகேட்டரையும் போட்டான். சிவப்பு முக்கோணத்தை எடுத்துக்கொண்டுபோய் நூறு அடி எண்ணிப் பின்னால் நட்டுவைத்தான், அவன் திரும்பி நடக்கும்போதே ஒரு கார் அதை அடித்துத் தூக்கி மணலில் எறிந்துவிட்டுப் போனது. பஸ் படிக்கட்டில் உட்கார்ந்தான், அதற்குப் பிறகு எழுந்திருக்க முடியவில்லை. நோய் என்று ஒன்றும் இல்லை, கால் மட்டும் எழுந்து எங்கே போவது என்று கேட்டது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒருவர் வேகத்தைக் குறைத்து, டீ குடிப்பது போலக் கையால் ஜாடை காட்டிச் சிரித்துவிட்டுப் போனார். கிடங்கு வாட்ச்மேன் அந்த மூன்று நாளும் ஸ்டூலில் உட்கார்ந்து என்ன பார்த்திருப்பான் என்பது தவசிக்கு அப்போது தெரிந்தது.

எவ்வளவு நேரம் போனதோ, ஒரு வெள்ளை பிக்கப் சர்ரென்று தாண்டிப் போய், தொலைவில் கிறீச்சிட்டு நின்று, அந்த ஊர் வழக்கப்படி, எதிரே வருகிற லாரிகளைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல், ஹைவேயில் ரிவர்ஸிலேயே வந்து பஸ்ஸின் மூக்குக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது. பின்னாடிக்காரர் இறங்கி வந்தார்.

"பாபா, ஹைவேயில் ரிவர்ஸ் வரக் கூடாது," என்று தவசி சொன்னான். பதினோரு வருஷத்துப் பழக்கத்தில் அவரிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். அரபியும் இந்தியும் கலந்து அந்த ஊர் டிரைவர்கள் பேசுகிற பாஷையில் பேசினான்.

கிழவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் தோள்களைப் பார்த்தார், ரோட்டின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"இங்கே டீக்கடை இல்லையே, சதீக்," என்று சிநேகிதனைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்.

"இல்லை."

"பிறகு எதற்கு எரிகிறது?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் பிக்கப்பிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலும் ஒரு கை பேரீச்சம்பழமும் எடுத்துவந்து, அங்கியை ஒதுக்கிக்கொண்டு படிக்கட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். ரோட்டில் எப்படியோ அப்படியே இங்கேயும் ஒரு சாண் இடைவெளிதான் விட்டார். தன் பெயர் பகீத் என்றார். இரண்டு பேரும் பழம் தின்றுகொண்டு வண்டிகளைப் பார்த்தார்கள்.

"பாபா, தினமும் காலையில் அவ்வளவு அவசரமாக எங்கே போகிறீர்கள்?"

"உன் பின்னால்."

"அதற்குப் பிறகு?"

"நீ பள்ளிக்கூடத்துக்குள் போய்விடுவாய். நான் வீட்டுக்குப் போய்விடுவேன்."

"வீட்டில் யார்?"

பகீத் ஒரு பேரீச்சங்கொட்டையை மணலில் துப்பினார். "ஏசி," என்றார்.

பின்கண்ணாடியில் பிள்ளைகள் அவருக்குக் கை காட்டுவார்களாம், அவர் விளக்கை அடித்து அடித்து அணைத்துப் பதில் சொல்வாராம். பதினோரு வருஷத்தில் பிள்ளைகள் வளர்ந்து போய்ப் புதுப் பிள்ளைகள் வந்தார்கள், யார் வந்தாலும் கை காட்டினார்கள். தவசிக்குத் திட்டு வாங்கிய அத்தனை விளக்கும் அதுதான். அவருடைய தோள்களை அப்போதுதான் பார்த்தான், அவனுடையவை நேற்றுவரை இருந்த மாதிரி இரண்டும் இருட்டாக இருந்தன.

போன் அடித்தது. எட்டரை தாண்டி ஒன்றேகால் மணி நேரம் ஆகியும் அவன் கூப்பிடாததால் முத்துராக்கே கூப்பிட்டாள், வீடியோவில் கூப்பிட்டாள். துண்டு கைக்கு எட்டவில்லை. எடுத்தான்.

"ஏங்க போன் போடல? என்னமும் ஆகிப்போச்சோன்னு எனக்கு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். திரை முழுக்க அவள் முகம் கிட்டே வந்தது. "ரெண்டு தோளும் எரியுது."

"ஆமா."

"யாரு அது பக்கத்துல?"

"தெரிஞ்சவருதான்."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய தம்பி மதுரையில் கார் ஓட்டுகிறான், கோயிலுக்குக் கல்யாணத்துக்கு என்று அவன் வண்டியில் போய்வந்து பழகியவள். நம்மூர் டிரைவர்களுக்கு நாற்சந்தியில் இடது பக்கம் போவதற்கு ஒரு விளக்கு, வலது பக்கம் போவதற்கு ஒரு விளக்கு, நேராகப் போவதற்கு இரண்டு விளக்கும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம், ஆனால் கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரைக்கும் செல்லும். முத்துராக்குவின் முகம் மெதுவாக மலர்ந்தது, இத்தனை வருஷத்தில் அவள் முகம் அப்படி ஆகி அவன் பார்த்ததில்லை.

"நேரா வாரீக," என்றாள்.

அது அப்படி இல்லை, இது நடுவழியில் நின்றுபோன வண்டிக்குப் போடுவது, உன் தம்பி செய்வது தப்பு, அருப்புக்கோட்டை நாற்சந்தியில் நானும் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன் என்று அவனுக்குத் தொண்டைவரை வந்தது. பதினான்கு வருஷமாக ஒரு ஊரையே திருத்தப் பார்த்தவன் அன்றைக்குத் தன் மனைவியைத் திருத்தவில்லை.

"உப்பு எந்த டப்பாவுல இருக்கும்?" என்று கேட்டான்.

"என்னது?"

"நம்ம வீட்ல. உப்பு."

"அடுப்புக்கு வலது பக்கம், பச்சை மூடி. எதுக்குக் கேக்குறீக?"

"சும்மாதான். நேராத்தான் வாரேன்."

அவளுக்கு அழுகை வந்து போனைக் கீழே வைத்துவிட்டாள், வீட்டு உத்தரம் கொஞ்ச நேரம் திரையில் தெரிந்தது. தவசி எழுந்தான். கால் சொன்னபடி கேட்டது.

கணக்கு முடிக்க, காகிதம் வாங்க நாற்பத்தோரு நாள் ஆயிற்று, அந்த நாற்பத்தோரு நாளும் அவன் இரண்டு தோளும் எரிந்துகொண்டே இருந்தன. அவன் கடைப் பக்கம் தலை காட்டினாலே சேக்தாவூது கேட்காமலே டீயை நீட்டினான். பகீத் வழக்கம் போல ஒரு சாணில் ஒட்டிக்கொண்டு வந்தார்; தவசி இப்போது கண்ணாடியைப் பார்த்துத் திட்டவில்லை, பிள்ளைகளிடம் தாத்தாவுக்குக் கை காட்டுங்கள் என்று அவனே சொன்னான்.

புறப்படுகிற அன்றைக்குக் காலையில் பிக்கப் கேம்ப் வாசலுக்கு வந்து நின்றது. நான்தான் கொண்டுபோய் விடுவேன் என்றார் பகீத். தவசி பெட்டியை ஏற்றிவிட்டு, பெல்ட்டைத் தேடினான், அதன் வாயில் கடையில் வாங்கிய நாக்கு செருகியிருந்தது, பிடுங்கி எறிந்துவிட்டு மாட்டிக்கொண்டான். அந்த ஊர் வண்டி ஓட்டத்தை உள்ளேயிருந்து அவன் பார்த்தது அன்றைக்குத்தான். நூற்று நாற்பதில் பறந்து, முன்னால் போன ஒவ்வொரு வண்டியின் முதுகிலும் மூச்சு விட்டு, இடது கையால் ஓட்டி வலது கையால் கதை சொன்னார், தவசி காலடியில் இல்லாத பிரேக்கை வழிநெடுக மிதித்துக்கொண்டே வந்தான். மீன் மார்க்கெட் ரவுண்டானா வந்தது. பகீத் அவன் தோள்களை ஒரு பார்வை பார்த்தார், பிறகு முன்பலகையில் தூசி படிந்திருந்த சிவப்புப் பொத்தானைத் தேடி அழுத்தினார், பிக்கப்பின் இரண்டு பக்க விளக்கும் எரிந்தன.

"உன் வீட்டம்மா சொன்னதாக அன்றைக்குச் சொன்னாயே, நேர் என்றால் இரண்டும் என்று," என்றார். வலதும் இல்லாமல் இடதும் இல்லாமல் வண்டி நேராகப் போனது.

ஏர்போர்ட் வாசலில் அவர் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். நாளைக்குப் புது டிரைவர், இளவயசு, வேகமாகப் போவானாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிக்குள் ஏறிக்கொண்டார். தவசி பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தான். கண்ணாடிக் கதவை நெருங்கும்போது டிக் டிக் சத்தம் நின்றது. குனிந்து பார்த்தான், இரண்டு தோளும் அணைந்திருந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

ஆனால் அதே டிக் டிக் இப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டது. திரும்பிப் பார்த்தான்.

வெள்ளை பிக்கப் இறக்கிவிட்ட இடத்திலேயே நின்றது. பொத்தானை அணைத்துவிட்டிருந்தார் போல, வண்டியில் விளக்கு இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்து உட்கார்ந்திருந்த பகீத்தின் வெள்ளை அங்கிக்குள் இரண்டு தோளும் மஞ்சளாக எரிந்து எரிந்து அணைந்தன. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துச் சுற்றிக்கொண்டு போயின, ஒருவர் கண்ணாடியை இறக்கி எனக்கும் சேர்த்து ஒரு டீ சொல்லுங்கள் என்று சிரித்துவிட்டுப் போனார்.

விமானத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. தவசி திரும்பி வந்தான். பிக்கப்பின் பின்புறம் துழாவினான், நினைத்தது போலவே அதில் சிவப்பு முக்கோணம் இல்லை. சரி என்று தன் பெட்டியை உருட்டிக்கொண்டுபோய், வண்டிக்குப் பின்னால் நாற்பது அடி எண்ணி, வருகிறவர்கள் கண்ணில் படும்படி ரோட்டோரத்தில் நிமிர்த்தி வைத்தான். அப்புறம் வந்து கதவைத் திறந்து, பகீத்தின் பக்கத்தில், ஒரு சாண் இடைவெளியில் உட்கார்ந்துகொண்டான்.